பூவும் பகையும்: போரில் அடையாளம் காணும் சிக்கல் குறித்து ஒரு புறத்திணை நோக்கு

முன்னுரை

போரைப் பாடும் இலக்கியங்களிலும் போரை விளக்கும் வரலாற்று நூல்களிலும் பகைவன் யார் என்பது பெரும்பாலும் முன்னரே முடிவான செய்தியாக அமைகிறது. எதிரே நிற்பவனை வீரன் அறிவான். அறிந்தே படைக்கலம் எறிவான். புறப்பாடல்களைக் கற்பிக்கும்போது வீரம், மானம், கொடை ஆகியவற்றை முதன்மைப்படுத்துகிறோம். எதிரே நிற்பவன் தன்னவனா மாற்றானா என்று தெரியாத நிலையைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. ஆயினும் தன் படையைத் தானே தாக்கும் கொடுமையும், பகைவன் எனக் கருதிப் பகையில்லாதவனைக் கொல்லும் கொடுமையும் போர் தோன்றிய நாள் முதல் தொடர்ந்து வருகின்றன. இக்காலப் போர்க்கருவிகள் அவற்றைக் குறைக்கவில்லை.

இச்சிக்கலைத் தமிழ்ப் புறத்திணை மரபு அறிந்திருந்தது என்பதையும், அம்மரபைக் கொண்டு சிங்கப்பூரின் போர்க்கால வரலாற்றை நோக்கினால் வரலாற்று நூல்கள் கூறாது விட்ட சில வினாக்கள் எழுகின்றன என்பதையும் நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். தொல்காப்பியப் புறத்திணையியலும் புறநானூற்றின் 45, 46, 47ஆம் பாடல்களும் இதற்கு அடிப்படையாகக் கொள்ளப்பெறுகின்றன.

அடையாளப் பூ

புறத்திணைகள் பூக்களின் பெயர்களால் அமைந்தவை. ஆநிரை கவரச் செல்வோர் வெட்சியும், மீட்கச் செல்வோர் கரந்தையும், மதிலை வளைப்போர் உழிஞையும், காப்போர் நொச்சியும், களத்தில் எதிர்நின்று பொருவோர் தும்பையும் சூடுவர். இவற்றோடு, மூவேந்தர் படைகள் சூடும் பூக்களாகப் போந்தை, வேம்பு, ஆர் ஆகிய மூன்றனையும் தொல்காப்பியம் கூறுகிறது. சேரர்க்குப் பனையும் பாண்டியர்க்கு வேம்பும் சோழர்க்கு ஆத்தியும் உரியன. இப்பூக்களைச் சூடுவதற்கு அந்நூற்பாவே தரும் காரணம் கருதத்தக்கது. பெரும்பகை மூண்ட இடத்தில் இன்ன வேந்தனைச் சார்ந்தவர் என்று தெரிய வேண்டும் என்பதற்காகவே பூ சூடப்பட்டது.

இக்காரணத்தை அழகுக் குறிப்பாகக் கொண்டு கடந்து சென்றுவிட இயலாது. மூவேந்தர் படையினரும் ஒரே மொழி பேசியவர். ஒத்த உடையும் ஒத்த படைக்கலமும் உடையவர். இருவர் எதிரெதிர் நிற்கும்போது முகத்தைக் கொண்டோ பேச்சைக் கொண்டோ பகை இன்னது என்று சொல்ல முடியாது. ஆகவே அடையாளத்தைப் புறத்தே அணிய வேண்டியிருந்தது. பகை என்பது மனிதனின் உடலில் இயல்பாக எழுதப்பட்டது அன்று என்னும் தெளிவு இவ்விலக்கணத்தின் அடியில் உள்ளது.

பகைவரைக் குறிக்கும் பழஞ்சொற்களும் இக்கருத்தை வலியுறுத்துகின்றன. ஒன்னார், நண்ணார், நள்ளார், கேளார், பொருந்தார் ஆகிய சொற்கள் யாவும் எதிர்மறையில் அமைந்தவை. ஒன்றாதவர், நெருங்காதவர், நட்புக் கொள்ளாதவர் என்பனவே அவற்றின் பொருள். உறவு அமையாமையைக் கொண்டு பகைவனுக்குப் பெயரிட்ட மொழியில், பகைவன் என்பவன் தனியொரு பிறவி அல்லன். உறவு மாறினால் பெயரும் மாறும்.

பூ வாடும், உதிரும், குருதியில் தோய்ந்தால் நிறம் மாறும். வெட்சிப் போர் களவாக நடப்பது. இருளில் பூவின் வேறுபாடு கண்ணுக்குப் புலப்படாது. அடையாளம் தேவை என்று உணர்ந்த மரபு, அடையாளம் தவறக்கூடும் என்பதையும் உணர்ந்திருக்க வேண்டும். அவ்வுணர்வை நாம் கோவூர் கிழாரிடம் காண்கிறோம்.

கோவூர் கிழாரின் மூன்று பாடல்கள்

புறநானூற்றைத் தொகுத்தோர் 45, 46, 47 எனும் எண்களில் கோவூர் கிழாரின் மூன்று பாடல்களை அடுத்தடுத்து வைத்துள்ளனர். மூன்றும் கொலையை விலக்க எழுந்தவை. இவற்றைப் புலவரின் அமைதி நாட்டத்துக்குச் சான்றாகக் காட்டுவது வழக்கம். அது பிழையன்று, ஆனால் போதாது. பகைவன் இவன் என்ற முடிவு எவ்வாறு எட்டப்படுகிறது என்னும் வினாவை இம்மூன்றும் படிப்படியாக எழுப்புகின்றன.

முதற்பாடல், உறையூரை வளைத்திருந்த நலங்கிள்ளியையும் அதனுள் அடைத்திருந்த நெடுங்கிள்ளியையும் நோக்கியது. எதிரே நிற்பவன் சூடியது பனையும் அன்று, வேம்பும் அன்று. உன் கண்ணியும் ஆத்தி, அவன் கண்ணியும் ஆத்தி என்று புலவர் சுட்டுகிறார். தொல்காப்பியம் வகுத்த அடையாள முறை இங்கே செயலற்றுப் போகிறது. பகையைக் காட்ட வேண்டிய பூ உறவைக் காட்டுகிறது. யார் தோற்றாலும் தோற்பது ஒரு குடியே என்ற முடிவுக்குப் புலவர் வருவது, பூவைத் திருத்தமாகப் படித்ததனாலேயே ஆகும். இரு வேந்தரும் காணத் தவறியதை அவர் கண்டார்.

இரண்டாம் பாடலில் கிள்ளிவளவன், மலையமானின் சிறுவர்களை யானைக்காலில் இட முற்படுகிறான். குழந்தைகள் பகைவராக எண்ணப்படுவது அவர்கள் பிறப்பு ஒன்றனால். அவர்களோ யானையைக் கண்ட வியப்பில் அழுகையை மறந்து, புதிய இடத்தை மருண்டு நோக்குகின்றனர். கொல்ல வந்த விலங்கைக் கொல்ல வந்ததென்று அறியாத கண்களைப் புலவர் மன்னன்முன் வைக்கிறார். பிறப்பைப் பகையின் அடையாளமாகக் கொள்ளலாகாது என்பது இப்பாடல் தரும் செய்தி.

மூன்றாம் பாடலின் பின்னணி நம் பொருளுக்கு மிக நெருங்கியது. நலங்கிள்ளியிடமிருந்து உறையூருக்குள் வந்த இளந்தத்தன் என்னும் புலவனை ஒற்றன் என்று கருதி நெடுங்கிள்ளி கொல்லப் புகுந்தான் எனக் கொளு கூறுகிறது. முற்றுகைக்குள் அஞ்சியிருக்கும் நகரம். பகைவன் பக்கத்திலிருந்து வருகின்ற ஒருவன். விரைந்து முடிவெடுக்க வேண்டிய வேந்தன். தவறாக அடையாளம் காண்பதற்குரிய சூழல் முழுமையாக அமைந்துள்ளது. பரிசிலரின் வாழ்க்கையை விரித்துரைத்து, இத்தகைய வாழ்வு பிறர்க்குத் தீங்கு செய்யுமோ என்று கோவூர் கிழார் கேட்கிறார். வந்த திசையைக் கொண்டு அளந்த மன்னனை, வாழும் முறையைக் கொண்டு அளக்கச் செய்கிறார்.

ஒன்றை மறைக்கலாகாது. கோவூர் கிழார் எல்லாப் போரையும் மறுத்தவர் அல்லர். வேந்தரின் வெற்றிகளையும் பாடியவர். 45ஆம் பாடலின் வாதமே, பனையும் வேம்பும் சூடியவரோடு பொருவதாயின் வேறு என்னும் பொருளுக்கு இடம் தருகிறது. ஆயின் 47ஆம் பாடலில் அவர் பூவையும் குடியையும் கடந்து மனிதனின் வாழ்வையே சான்றாகக் கொள்கிறார். இம்மூன்று பாடல்களையும் சேர்த்துக் கற்பிக்கும்போதுதான் இவ்வளர்ச்சி புலனாகும்.

சிங்கப்பூர், 1941

இவ்வினாவோடு சிங்கப்பூர் வரலாற்றுக்கு வருவோம். 1941 டிசம்பர் 8ஆம் நாள் விடியற்காலையில் ஜப்பானியக் குண்டுவீச்சு விமானங்கள் சிங்கப்பூரை முதன்முறையாகத் தாக்கின. 17 விமானங்கள் நகரை அடைந்தன. தெருவிளக்குகள் அணைக்கப்படாமல் எரிந்துகொண்டிருந்தன. துறைமுகத்தில் நின்ற பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிப்பல்ஸ் ஆகிய போர்க்கப்பல்களும் கரையிலிருந்த விமான எதிர்ப்புப் பீரங்கிகளும் சுட்டன. ஒரு விமானமும் வீழவில்லை. 61 பேர் இறந்தனர். 700க்கு மேற்பட்டோர் காயமுற்றனர்.

அவ்விரவில் செம்பவாங் தளத்தில் மூன்று பஃபலோ போர்விமானங்கள் புறப்பட ஆயத்தமாக நின்றன. பிரிட்டன் வான்போரில் பயின்ற டிம் விகர்ஸ் என்னும் வானோடி, எதிர்த்துச் செல்ல இசைவு கேட்டார், இசைவு மறுக்கப்பட்டது. தம் பீரங்கிகள் தம் விமானங்களையே சுட்டுவிடும் என்று தலைமைத் தளபதி புரூக்-போப்பம் அஞ்சியதே காரணம் எனப் பதிவாகியுள்ளது. 1939 செப்டம்பர் 6ஆம் நாள் இங்கிலாந்தில் பார்க்கிங் கிரீக் மோதல் எனப்படும் நிகழ்ச்சியில் பிரிட்டிஷ் ஸ்பிட்ஃபயர் விமானங்கள் பிரிட்டிஷ் ஹரிக்கேன் விமானங்கள் இரண்டைச் சுட்டு வீழ்த்தி, ஒரு வானோடி மாண்டதன் நினைவு அவ்வச்சத்துக்குப் பின்னால் இருந்திருக்கலாம் என்பாரும் உளர்.

இந்நிகழ்ச்சியில் தன்படைத் தாக்கு நிகழவே இல்லை. அது நிகழுமோ என்ற அச்சமே ஒரு நகரத்தின் வானைக் காவலின்றி விட்டது. மூன்று விமானங்கள் எழுந்திருந்தால் முடிவு மாறியிருக்கும் என்று உறுதி கூற இயலாது. இருளில் தம் பீரங்கிக்கே அவை இரையாகியிருக்கவும் கூடும். நோக்கத்தக்கது யாதெனில், பூவை நம்ப முடியாத படை கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறது. அதன் விலையைத் தெருவில் உறங்கியவர்கள் தருகிறார்கள் என்பதே.

ஒரே பூச் சூடிய இரு படைகள்

1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. இரு நாள் கழித்து, பிப்ரவரி 17இல், ஏறத்தாழ 45,000 இந்திய வீரர்கள் ஃபேரர் பார்க் திடலில் கூட்டப்பட்டு ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டனர். இன்று லிட்டில் இந்தியாவின் ஓரத்தில், சிராங்கூன் சாலையிலிருந்து சிறிது தொலைவில், ஒரு ரயில் நிலையத்தின் பெயராக நம்முள் பலர் அன்றாடம் கேட்கும் இடம் அது. ஜப்பானிய மேஜர் ஃபுஜிவாராவும் மோகன் சிங்கும் அங்கே பேசினர். அன்று தொடங்கி ஒரே ரெஜிமென்டைச் சேர்ந்தவர்கள் இரண்டாகப் பிரிந்தனர். சிலர் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தனர். சிலர் மறுத்துச் சிறையில் இருந்தனர். 1943இல் சுபாஷ் சந்திர போஸ் வந்தபின் மலாயா, சிங்கப்பூர்த் தமிழர் பெருந்தொகையாக அப்படையில் சேர்ந்தனர்.

1944இல் பர்மாக் களத்தில் இப்படை எதிர்கொண்டது, பிரிட்டிஷ் கொடியின்கீழ் நின்ற இந்தியப் படையை. இரு பக்கமும் காக்கி உடை; வேறுபாடு தோளிலும் தொப்பியிலும் இருந்த சின்னங்களில். இரு பக்கமும் இந்திய மொழிகள். மெட்ராஸ் ரெஜிமென்டின் பிரிவுகளும் பர்மாவில் போரிட்டமையால் இரு பக்கமும் தமிழும் ஒலித்திருக்கும். உன் கண்ணியும் ஆத்தி, அவன் கண்ணியும் ஆத்தி என்று சொல்லக் கோவூர் கிழார் அங்கு இல்லை. அவர் இருந்தாலும் அப்போர் நின்றிராது. இரு பக்கத்தாரும் வெவ்வேறு கடமையைக் கடமை என நம்பினர். ஆயினும் அவ்வீரர்களுக்கு ‘பகைவர்’ என்ற சொல் எளிதாக வந்திருக்காது என்பதைப் புறநானூற்றுப் பாடல் நமக்கு உணர்த்துகிறது.

சிங்கப்பூரில் இவ்விரு பக்கத்துக்கும் நினைவிடங்கள் உள்ளன. கிராஞ்சியில் அடக்கவிடம் அறியப்படாத 24,000க்கு மேற்பட்ட நேச நாட்டு வீரரின் பெயர்கள் சுவர்களில் பொறிக்கப்பட்டுள்ளன. அவற்றுள் இந்தியப் பெயர்கள் பல. எஸ்பிளனேடில் இந்திய தேசிய ராணுவத்துக்கு 1945 ஜூலையில் போஸ் அடிக்கல் நாட்டிய நினைவுச்சின்னத்தைத் திரும்பி வந்த பிரிட்டிஷார் இடித்தனர். 1995இல் அங்கு ஓர் அடையாளக் கல் வைக்கப்பட்டது. இரு இடங்களையும் ஒரே பாடத்தில் வைத்துக் காட்டும் ஆசிரியரே 45ஆம் பாடலை முழுமையாகக் கற்பித்தவர் ஆவார்.

‘நேசம்’ என்னும் சொல்

தமிழ் வரலாற்று நூல்கள் இரண்டாம் உலகப் போரின் இரு பக்கங்களை ‘நேச நாடுகள்’, ‘அச்சு நாடுகள்’ என்று குறிக்கின்றன. நேசம் என்பது அன்பு, நட்பு. யாரோடு யார் நேசம் என்பதைச் சொல்லாமலே இத்தொடர் வாசகரை ஒரு பக்கத்தில் நிறுத்திவிடுகிறது. தன்படைத் தாக்கைப் பற்றிப் பேசும்போது இச்சொல் பெரும் இடர்ப்பாடாகிறது.

1943 ஜனவரி 26இல் நியூகினிக்கு வடக்கே வாஹூ என்னும் அமெரிக்க நீர்மூழ்கி, புயோ மாரு என்னும் ஜப்பானியக் கப்பலைத் தாக்கியது. கடலில் தத்தளித்தவர்களையும் படகுகளையும் நோக்கி அதன் தளபதி டட்லி மார்ட்டன் சுடச் செய்தார். அவர்கள் ஜப்பானியப் படையினர் என்பது அவர் எண்ணம். அக்கப்பலில் மலாயாப் போரில் சிறைப்பட்ட 16ஆம் பஞ்சாப் ரெஜிமென்டின் 2ஆம் பட்டாலியனைச் சேர்ந்த 491 இந்தியர் இருந்தனர் என்பதும் அவர்களுள் 195 பேர் மாண்டனர் என்பதும் பிற்கால ஆய்வில் தெரியவந்தன. மாண்ட ஜப்பானியர் 87 பேர். 1944 செப்டம்பரில் சிங்கப்பூரிலிருந்து புறப்பட்ட ராக்குயோ மாருவும் இவ்வாறே அமெரிக்க நீர்மூழ்கியால் மூழ்கடிக்கப்பட்டது. அதிலிருந்த 1,300க்கு மேற்பட்ட பிரிட்டிஷ், ஆஸ்திரேலியக் கைதிகளுள் 1,159 பேர் இறந்தனர். கைதிகள் உள்ளனர் என்பதற்கான அடையாளம் அக்கப்பல்களில் இல்லை. பூச் சூட்டாமல் கைதிகளைக் கடலில் அனுப்பியவரின் பொறுப்பும், பூ இல்லாததைப் பகைக்குச் சான்றாகக் கொண்டவரின் பொறுப்பும் தனித்தனியே எடை போடப்பட வேண்டியவை.

இவர்களுக்கேனும் ரெஜிமென்ட் இருந்தது, பெயர்ப்பட்டியல் இருந்தது. மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம்–பர்மா ரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர்க்கு அதுவும் இல்லை. 415 கிலோமீட்டர் நீளமான அப்பாதை 1943 அக்டோபரில் நிறைவெய்தியபின், அதன் பாலங்களையும் நிலையங்களையும் நேச நாட்டு விமானங்கள் தாக்கின. பாலங்களையும் நிலையங்களையும் ஒட்டியே முகாம்கள் இருந்தன. 1944 நவம்பர் முதல் வங்காளத்துத் தளங்களிலிருந்து எழுந்த பி-29 விமானங்கள் சிங்கப்பூரின் கடற்படைத் தளத்தையும் துறைமுகத்தையும் தாக்கின. இந்திய மண்ணிலிருந்து எழுந்த விமானம், இந்தியத் தொழிலாளர் மிகுந்த துறைமுகத்தின்மேல் குண்டு பொழிந்தது. அக்குண்டுக்கு இரையான தொழிலாளியின் சாவை எவ்வகையில் அடக்குவது? அவன் படைவீரன் அல்லன். ஆகவே தன்படைத் தாக்கு என்னும் கணக்கில் வாரான். பகைவனும் அல்லன். ‘நேச’ நாட்டுக் குண்டு என்று எழுதும் நம் வாக்கியம் அவன் சாவின்முன் தடுமாறுகிறது.

ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ ஆகிய மலேசிய நாவல்கள் இத்தொழிலாளரை இலக்கியத்துக்குள் கொணர்ந்தவை. அவற்றை ஜப்பானியர் கொடுமையின் பதிவாக மட்டும் வாசிப்பது நம் திறனாய்வில் எளிதாகிவிட்டது. கொடுமை உண்மையே, ஆயினும் இரு பக்கத்துப் படையினரும் தன்னவன் என எண்ணாத மனிதனின் நிலை என்னும் நோக்கிலும் அவ்வகை நாவல்கள் வாசிக்கப்பட வேண்டும். காஞ்சனபுரியில் போர்க்கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் ஆயிரக்கணக்கில் உள்ளன. தமிழ்த் தொழிலாளர் நினைவாக அங்கு ஒரு நடுகல் எழுந்தது 2023ஆம் ஆண்டிலேயே. பெயரும் பீடும் எழுதி நிறுத்துவது நடுகல் மரபு. எழுதப் பெயர் கிடைக்காத நிலையில் எழுந்தது இக்கல்.

கருவி அறியும் பூ

இன்று பூவின் இடத்தை மின்னலைக் கருவி கொண்டுள்ளது. ஒரு விமானம் வினா அலையை அனுப்பும். தன் பக்கத்து விமானமாயின் முன்னரே குறித்த குறியீட்டை விடையாக அனுப்பும். 1994 ஏப்ரல் 14இல் வட ஈராக்கில் இரு அமெரிக்கப் போர்விமானங்கள் இரு அமெரிக்க ஹெலிகாப்டர்களை வீழ்த்தி 26 பேரைக் கொன்றன. ஹெலிகாப்டர்கள் அப்பகுதிக்குரியதல்லாத குறியீட்டில் இயங்கின. அருகே பறந்து கண்ணால் பார்த்த வானோடிகளும் அவற்றை வேற்றுநாட்டு வகை என்றே கொண்டனர். 2019 பிப்ரவரி 27இல் காஷ்மீரின் புட்காமில் இந்திய விமானப்படையின் ஏவுகணையே அதன் எம்.ஐ.-17 ஹெலிகாப்டரை வீழ்த்தியது. அதிலிருந்த 6 படையினரும் தரையில் ஒருவரும் இறந்தனர். அது பெருந்தவறு என்று விமானப்படைத் தளபதி அவ்வாண்டு அக்டோபரில் வெளிப்படையாக ஏற்றார்.

2023 டிசம்பர் 15இல் காஸாவில் இஸ்ரேலியப் பிணையாளிகள் மூவரை இஸ்ரேலிய வீரர்கள் சுட்டுக் கொன்றனர். அவர்கள் மேலாடையின்றி வந்தனர்; வெள்ளைத் துணி கட்டிய கோலை ஏந்தியிருந்தனர். உலகம் அறிந்த பூ அது. பூ குறைபடவில்லை, அதைக் காணும் கண் முன்னரே முடிவெடுத்துவிட்டது. இளந்தத்தன் உறையூருக்குள் நுழைந்தபோதும் நிகழ்ந்தது இதுவே.

பூச் சூடிய போருக்கும் இன்றைய போருக்கும் தொலைவு மிகுதி. இரண்டனையும் ஒப்பிடுவது காலவழு என்று கூறலாம். தொலைவு மெய்தான். வேலெறிந்தவன் எதிரியின் முகத்தைக் கண்டான். ஏவுகணை செலுத்துவோன் திரையில் ஒரு புள்ளியைக் காண்கிறான். ஆனால் மாறாதவை மூன்று: அணிந்த அடையாளம், அதைப் படிக்கும் கண், படிக்கக் கிடைக்கும் சிறு பொழுது. மூன்றில் ஒன்று தவறினும் தமர் பகைவராகிவிடுவர். கருவி முதலாவதைத் திருத்துகிறது, மூன்றாவதைக் குறுக்குகிறது, இரண்டாவதை மனிதரிடமே விட்டுவிடுகிறது.

முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவது, புறத்திணைப் பூக்களைப் பாடம் சொல்லும்போது அவற்றை மரபுச் சின்னங்களாக மட்டும் பட்டியலிடாமல், பகையை இனங்காணும் தேவையிலிருந்து பிறந்தவை என்று விளக்க வேண்டும். இரண்டாவது, கோவூர் கிழாரின் மூன்று பாடல்களையும் பிரிக்காமல் ஒரு தொடராகக் கற்பிக்க வேண்டும். மூன்றாவது, சொல்லைப் பற்றியது. ஆங்கில வழக்கைப் பின்பற்றி இக்கொடுமைக்கு ‘நட்பு’ என்னும் அடைகொடுத்து வழங்குவதைத் தவிர்க்கலாம். ‘தன்படைத் தாக்கு’ என்பது படைவீரர்க்குப் பொருந்தும். படை எதையும் சாராமல் இறந்தவர்க்கு அதுவும் பொருந்தாது. அவர்களைத் தனியே எண்ணுவதே நேர்மை.

‘நேச நாடுகள்’ என்ற தொடரை நீக்குவது இனி எளிதன்று. அது வழக்கில் ஊன்றிவிட்டது. அதை வகுப்பில் எழுதும் ஆசிரியர், யாருக்கு நேசம் என்று மாணவரை ஒருமுறை கேட்கச் செய்தால் போதும். கிராஞ்சிச் சுவரில் உள்ள பெயருக்கும், எஸ்பிளனேடில் உள்ள கல்லுக்கும், ரயில் பாதையோரம் பெயரின்றிப் புதைந்தவர்க்கும் விடை ஒன்றாக இராது. அவ்வேறுபாட்டைக் காண மாணவரைப் பழக்குவது புறநானூறு கற்பிப்போரின் பணியுள் ஒன்றாகும்.